அந்தக் குறட்டைச் சத்தம் தூக்கம் இல்லை: சாலையோரத்தில் மூச்சைக் காப்பாற்றிய கதை

இன்னைக்கு எபிசோடைத் திருப்போரூர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

கேளம்பாக்கம் தாண்டி ஓ.எம்.ஆரில் தெற்கே போனால் ஐ.டி. கட்டடங்கள் குறைந்து, திருப்போரூர் முருகன் கோயில் வரும். நேரே போனால் மாமல்லபுரம். மேற்கே திரும்பினால் செங்கல்பட்டு. வீக்கெண்டு ஆனா நம்மில் பாதிப் பேர் பைக்கில் இந்த ரோட்லதான் இருப்போம்.

ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பதினொரு மணி. ஒரு பைக் சறுக்கி விழுந்திருக்கு. ஓட்டின பையன் மல்லாந்து கிடக்கிறான், நினைவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருது. "மூச்சு இருக்குப்பா, கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் ஆட்டோவை நிறுத்துறார்.

அந்தக் குறட்டை தூக்கம் இல்லை. தளர்ந்துபோன நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும் சத்தம். முழுசா அடைச்சிட்டா, நாலைந்து நிமிஷத்தில் மூளை சேதமாக ஆரம்பிக்கும். இவ்வளவு எளிமையான விஷயத்தை மருத்துவ உலகம் நிரூபிக்க 1950-கள் வரை ஆனது. எப்படின்னு பார்ப்போம்.

1767-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கால்வாய்களில் மூழ்கியவர்களைப் பிழைக்க வைப்பதுதான் அதன் வேலை. வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார்கள். கூடவே ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஊதவும் சொன்னார்கள். சிரிக்காதீங்க, அன்னைக்கு அது சீரியஸான மருத்துவம்! 1774-ல் லண்டனிலும் இதே மாதிரி ஒரு சங்கம் வந்தது. அங்கே மூச்சு கொடுக்கத் துருத்தியையும் பயன்படுத்தினார்கள்.

அடுத்த நூற்றாண்டில் கதை பின்னோக்கிப் போனது. துருத்தி நுரையீரலைக் கிழித்துவிடும் என்ற பயம் வந்தது. முகம் தெரியாதவர் வாயில் வாய் வைப்பதும் அருவருப்பாகத் தெரிந்தது. அதனால் கையைத் தூக்கி இறக்குவது, முதுகை அமுக்குவது என்று புது முறைகள் வந்தன. 1858-ல் சில்வெஸ்டர், 1903-ல் ஷேஃபர், 1932-ல் ஹோல்கர் நீல்சன். ஆளாளுக்கு ஒரு முறை. உலகம் முழுக்க முதலுதவி வகுப்புகளில் பல பத்தாண்டுகளாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தொண்டை திறந்திருக்கிறதா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்டவர் பீட்டர் சாஃபர். அமெரிக்காவின் பால்டிமோரில் வேலை பார்த்த மயக்க மருத்துவர். ஊதிய மூச்சுக்காற்றிலேயே ஒருவரைப் பிழைக்க வைக்கும் அளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று ஜேம்ஸ் ஈலம் என்ற மருத்துவர் ஏற்கெனவே காட்டியிருந்தார். 1956-ல் இருவரும் சந்தித்தார்கள். அதன்பின் சாஃபர் துணிச்சலான ஒரு சோதனையில் இறங்கினார். தன்னார்வலர்களுக்கு மயக்கமும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தார். அவர்களால் தாங்களாக மூச்சுவிட முடியாது. பிறகு பழைய முறைகளையும் வாய் வழியாக ஊதுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

கையைத் தூக்கி இறக்கியதில் பலருக்குக் காற்று உள்ளேயே போகவில்லை, ஏன்னா நாக்கு வழியை மறித்துக்கொண்டிருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கினால் வழி திறந்தது. பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களாலேயே ஊதி மூச்சு கொடுக்க முடிந்தது. 1958-ல் முடிவுகள் வெளிவந்தன. நூறு வருஷ வழக்கம் அதோடு சரிந்தது.

அதே காலத்தில், 1956-ல், டென்மார்க்கில் ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேவும் அமுக்கினால் காற்றைத் தள்ளி, விட்டால் தானாக உப்பிக்கொள்ளும் பையை உருவாக்கினார்கள். அதுதான் நம்ம ஆம்புலன்ஸில் இருக்கும் 'ஆம்பு பேக்'.

இப்போ அறிவும் இருக்கு, கருவியும் இருக்கு. ஆனா ரோட்டுக்கு யார் கொண்டுவருவது? 1966-ல் சாஃபரின் மகள் எலிசபெத் ஆஸ்துமாவால் இறந்தாள். மருத்துவமனைக்கு வரும் முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில் அவர் இன்னும் உறுதியானார். அப்போது பிட்ஸ்பர்க்கில் ஆம்புலன்ஸ் என்றால் போலீஸ் வேன், இல்லையென்றால் பிணம் ஏற்றும் வண்டி. 1967-ல் அங்கே 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் திட்டம் ஆரம்பமானது. வேலையில்லாமல் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்களுக்கு சாஃபர் பயிற்சி தந்தார். மூச்சுக்குழாயில் டியூப் போடுவது வரை அவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். 1975-ல் நகர நிர்வாகம் அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. அவர்கள் காட்டிய மாதிரி மட்டும் உலகம் முழுக்கப் பரவியது.

டியூப் போடுவது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. அதை முன்கூட்டியே கணிக்க ஒரு வழி சொன்னவர் நம்ம பக்கத்து மாநிலத்துக்காரர். ஆந்திராவில் படித்து, பாஸ்டனில் வேலை பார்த்த மயக்க மருத்துவர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி. 1985-ல் அவர் வெளியிட்ட சோதனை ரொம்ப சிம்பிள். உட்காருங்க, வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க. உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தே கஷ்டத்தைக் கணிக்கலாம். இன்றும் உலகம் முழுக்க ஆபரேஷனுக்கு முன் இதைப் பார்க்கிறார்கள்.

திருப்போரூர் ரோட்டில் கிடக்கும் பையனிடம் "நாக்கை நீட்டுப்பா"ன்னு கேக்க முடியுமா? முடியாது. வாயில் ரத்தம், இருட்டு, கழுத்தில் அடி இருக்கலாம், தலையில் ஹெல்மெட். ஆபரேஷன் தியேட்டரில் கஷ்டமானது ரோட்டில் இரட்டிப்புக் கஷ்டம். அப்போ டியூப்தான் போட்டாகணுமா?

2000-ல் அமெரிக்காவில் 830 குழந்தைகளை வைத்து ஆம்புலன்ஸில் ஓர் ஆய்வு நடந்தது. டியூப் போட்டவர்கள், ஆம்பு பேக்கால் மட்டும் மூச்சு கொடுக்கப்பட்டவர்களைவிட அதிகமாகப் பிழைக்கவில்லை. 2018-ல் இங்கிலாந்தில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற சுமார் 9,300 பேரிடம் டியூபையும், தொண்டைக்குள் செருகும் எளிய கருவி ஒன்றையும் ஒப்பிட்டார்கள். 30 நாள் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 6.8 சதவீதம், 6.4 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டு ஆய்வுகளும் சொல்வது இதுதான்: எந்தக் கருவி என்பதைவிட, காற்று போகிறதா என்பதே முக்கியம்.

நம்ம ஊருக்கு வருவோம். 108 சேவை 2005 ஆகஸ்ட் 15-ல் ஹைதராபாத்தில் தொடங்கியது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. இலவசம். அதற்கு முன் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் ஸ்ட்ரெச்சர் வைத்த வேன்தான். 108 வந்தபிறகு வண்டிக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒருவர், ஆக்ஸிஜன், வாயில் இருக்கும் ரத்தத்தை உறிஞ்சும் கருவி, ஆம்பு பேக் எல்லாம் வந்தன. 2021 டிசம்பர் 18-ல், இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில், 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும்.

ஆனா 108 வந்து நிற்கும் வரைக்கும் அந்தப் பையன் பக்கத்தில் இருப்பது நீங்களும் நானும்தான்.

அதனால மூணு விஷயம். ஒன்று, நினைவில்லாதவர் வாயில் தண்ணியோ சோடாவோ ஊற்றாதீங்க. அது நேரா நுரையீரலுக்குப் போகும். இரண்டு, அவசரப்பட்டு ஆட்டோவில் மடக்கிப் படுக்க வைக்காதீங்க. தலை நெஞ்சோடு மடிந்தால் திறந்திருக்கும் வழியும் மூடிக்கொள்ளும். மூன்று, 108-ஐக் கூப்பிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்க. குறட்டைச் சத்தம் வந்தால், கழுத்தைத் திருப்பாமல் தாடையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து முன்னால் தள்ளுங்க. சாஃபர் பால்டிமோரில் பார்த்த அதே நாக்குதான். வழி விட்டுவிடும்.

போலீஸ் கேஸ் ஆகுமோன்னு பயமா? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல மனசோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பேரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

அடுத்த தடவை ஓ.எம்.ஆரில் போகும்போது, கூட வர்ற நண்பர்கிட்ட இதைச் சொல்லுங்க. ஒருவேளை கீழே விழுறது நாமளாகவும் இருக்கலாம். அப்போ பக்கத்தில் நிக்கிறவருக்கு இது தெரிஞ்சிருக்கணும், இல்லையா? ஹெல்மெட் மறக்காதீங்க.