அணிலுக்கு எப்படி வந்தது 'பிள்ளை'?

மதுரைச் சமவெளியில் வீட்டுக் கூரையிலும் முற்றத்து மரத்திலும் மனிதரோடு ஒண்டி வாழும் சிற்றுயிர்களில் அணிலும் சிட்டுக்குருவியும் முக்கியமானவை. ஒன்று கொறிவிலங்கு, மற்றது பறவை. இரண்டும் கூடு கட்டுகின்றன. இரண்டின் இளசுகளும் கண் திறவாமல், வெற்றுடம்போடு பிறக்கின்றன. ஆனால் ஊர்வழக்கு அணிலைத்தான் 'அணிற்பிள்ளை' என்கிறது. குருவிக்கு அந்தப் பெயர் இல்லை. தொல்காப்பியத்தோடு ஒப்பிட்டால் இது தலைகீழ். அதன் மரபியல் பறவையின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைத் தருகிறது. அணிலையோ மூங்கா எனப்படும் கீரி, காட்டுப்பூனையாகிய வெருகு, எலி ஆகியவற்றோடு சேர்த்து, குட்டி, பறழ் என்ற பெயர்களுக்கு உரியதாக்குகிறது. அங்கே அணிலுக்கு மூன்று வரி என்ற அடையும் உண்டு. லின்னேயஸ் 1766இல் பெயரிட்ட தென்னிந்திய அணிலுக்கும் முதுகில் மூன்று கோடுகளே. வடக்கே பரவலான இனத்துக்கு ஐந்து. பூதப்பாண்டியனின் தேவியும் புறநானூற்றின் 246ஆம் பாட்டில் வெள்ளரிக்காயின் கோட்டுக்கு அணிலையே உவமை சொல்கிறாள்.

மரத்தில் கூடு கட்டுவதால் பறவையின் பெயர் அணிலுக்கு ஒட்டியது என்று கருதலாம். அப்படியானால் வளையில் வாழும் கீரி 'கீரிப்பிள்ளை' ஆனது எப்படி? கூடு கட்டும் குருவி ஏன் ஆகவில்லை? இராமர் அணை கட்ட அணில் உதவிய கதையே காரணம் என்பாரும் உண்டு. அந்தக் கதை அணிலின் மதிப்பைக் கூட்டியிருக்கும். ஆனால் கீரிக்கும் கிளிப்பிள்ளைக்கும் அது பொருந்தாது. பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் இளமைக்கும் பிள்ளைப் பெயரை இலக்கணம் ஒப்புகிறதே எனலாம். உண்மைதான், ஆனால் அணில் அந்தப் பட்டியலில் இல்லை. மேலும், வளர்ந்த அணிலையும் இன்று பிள்ளை என்கிறோம். அங்கே சொல் வயதைக் குறிக்கவில்லை.

எனவே விடை உயிரியலில் இல்லை, உறவில் இருக்கிறது. மரபியல் சேர்த்துச் சொன்ன நான்கில் பிள்ளையானவை கீரியும் அணிலும்தான். தானியம் தின்னும் எலியும் கோழி தூக்கும் வெருகும் ஆகவில்லை. அணிலும் கொய்யாவைக் கடிக்கிறதே என்றால், அணில் கடித்த பழம் இனிக்கும் என்று ஊர் அதையும் மன்னித்துவிட்டது. கிளியும் கீரியும் வீட்டில் வளர்க்கப்பட்டவை. கூட்டிலிருந்து விழுந்த அணிலுக்குப் பாலில் பஞ்சை நனைத்து ஊட்டுவார்கள். குருவியோ வீட்டுக்குள் வாழ்ந்தும் கைக்கு வராது. கையில் எடுத்துப் பேணியதற்கே தமிழர் பிள்ளைப் பட்டம் கொடுத்தார்கள்.