பச்சைத் திரையில் சயாமிய எழுத்து

சரித்திரம் என்றால் ராஜாக்களும் கோட்டைகளுமே என்று எண்ணுகிறவர்கள் உண்டு. ஓர் எழுத்தின் தலைக்குமேல் இடும் சிறு குறியும் சரித்திரத்தைத் திருப்பிவிடக் கூடும் என்றால் அவர்கள் சிரிக்கக் கூடும். ஆயினும் சொல்கிறேன்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தனது பர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொணர்ந்தது. வாங்குகிறவர் இரண்டு விதத் திரைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முதலாவது ஒற்றை நிறத் திரை. கறுப்பின்மேல் பச்சை. குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 350. எழுத்துக்கள் முத்து முத்தாக விழும். ஆனால் பாருங்கள், அத்தனை நேர்த்தியான திரைக்குப் படம் போடத் தெரியாது! 256 எழுத்து வடிவங்கள் ஒரு சில்லில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. வரிக்கு 80 வீதம் 25 வரி. ஆக 2,000 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பதை மட்டும் 4 கிலோபைட் நினைவு குறித்துக்கொள்ளும். வார்த்த ஈய அச்சுக்களைக் கையில் கொடுத்து, கம்பாசிட்டரை மயில் வரையச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

மற்றது வர்ணத் திரை. அது படம் போடும். ஆனால் நெடுக்கே 200 புள்ளிதான். நாளெல்லாம் அதில் கணக்குப் பார்த்தவர்களுக்குக் கண்வலிதான் மிச்சம். பணமுள்ள ஆபீஸ்களில் இரண்டையும் வாங்கி ஒரே மேஜைமேல் ஜோடியாக வைத்தார்கள்.

அமெரிக்காவில் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் அப்போது டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் தம் மொழி எழுத்தைக் காண ஆசைப்பட்டார். அவருக்குத் தாய்மொழியே 'தாய்' மொழி! பல்லவர் எழுத்து கடல் கடந்து கம்போடியா சென்று, அங்கிருந்து சயாமுக்குப் போய்ப் பெற்ற பேரப்பிள்ளை அந்த எழுத்து. ஆகையால் அவர் பட்ட கஷ்டம் நமக்கு எளிதில் விளங்கும். மெய்யெழுத்துக்கு மேலும் கீழும் உயிர்க்குறிகள். மேலே இருக்கும் குறிக்கும் மேலே தொனிக்குறி. பச்சைத் திரையின் சில்லில் அவை இல்லை. வர்ணத் திரையிலோ அவை தெளிவாக விழ இடமில்லை. பிரம்மாண்டமான கம்பெனி ஒன்று இதையெல்லாம் யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை.

1982-இல் அவர் தாமே ஒரு கார்டு செய்தார். அதில் 64 கிலோபைட் நினைவு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவில் ஓர் இடம், ஏற்றலாம், அணைக்கலாம். திரையின் வரிகளை நான்கு நான்காகப் பிரித்து வைத்ததால் 350-க்குப் பதில் 348 என்று இரண்டு வரி குறைந்தது. போனால் போகிறது! எழுத்து மாத்திரம் வேண்டும்போது பழைய முத்தெழுத்தும் அப்படியே கிடைத்தது. ஹெர்குலிஸ் என்று பெயரிட்டு 499 டாலருக்கு விற்றார்.

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள் வெளிவந்தது. அது ஹெர்குலிஸையும் ஆதரித்தது. கணக்கும் அதன் வரைபடமும் ஒரே பச்சைத் திரையில் தெரிந்தபோது வியாபாரிகள் மொய்த்துவிட்டார்கள். இரண்டாவது திரைக்கு வேலை இல்லாமற் போயிற்று. மற்றக் கம்பெனிகள் அந்தக் கார்டைப் பார்த்துப் பிரதி செய்தன. வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒரு சயாமிய எழுத்தையாவது கண்டிருப்பார்கள்?

1986-இல் ஹெர்குலிஸ் இன்னொரு கார்டு கொண்டுவந்தது. வேண்டிய எழுத்து வடிவங்களை உபயோகிப்பவரே அதில் ஏற்றிக்கொள்ளலாம். மூவாயிரத்துக்குமேல் இடம் இருந்தது.