மை பூசிய ஏடுகள்: ஆசியப் பள்ளிகளில் வரலாறும் சான்றும்

1945ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் தூரிகையும் கறுப்பு மையும் எடுத்துத் தங்கள் பாடநூல்களின் மேல் பூசினார்கள். போரைப் போற்றிய வரிகள், படைவீரர் கதைகள், பேரரசருக்காக உயிரைத் தரச் சொன்ன பாடங்கள் என்று ஆசிரியர் பக்க எண்ணையும் வரியையும் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் மறைத்தார்கள். சில பள்ளிகளில் தாளையே வெட்டி எடுத்தார்கள். சில இடங்களில் மேலே வேறு தாளை ஒட்டினார்கள். சில மாதங்களுக்கு முன்புவரை அதே வரிகளை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னவரும் அந்த ஆசிரியர்தான். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று நேசநாட்டுப் படையின் தலைமையகம் ஒழுக்கப் பாடம், ஜப்பானிய வரலாறு, புவியியல் ஆகிய மூன்றையும் வகுப்பறையிலிருந்து நிறுத்திவைத்தது. ‘சுமினுரி’, அதாவது மை பூசியவை என்ற பெயர் அந்த நூல்களுக்கு நிலைத்துவிட்டது.

பாடநூல் மனிதர் எழுதுவது, ஆட்சி மாறினால் மாறுவது என்பதை அந்தப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தெரிந்துகொண்டார்கள். ஆனால் ஜப்பானும் சரி, மற்ற ஆசிய நாடுகளும் சரி, அந்த அறிவைப் பாடமாக்கவில்லை. பழைய வரிகளின் இடத்தில் புதிய வரிகள் வந்தன. அவற்றையும் ஒப்பிக்கச் சொன்னார்கள். கடந்த அறுபது ஆண்டுகளில் ஆசிய நாடுகளில் வரலாற்றுப் பாடநூல் பற்றி எழுந்த பூசல்கள் பெரும்பாலும் எந்தச் சொல் அச்சேற வேண்டும் என்ற பூசல்களே. அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கும் சான்றை மாணவர் கண்ணில் காட்டுவது யாருடைய பொறுப்பு என்ற கேள்வி பின்தங்கிவிட்டது. அந்தக் கேள்வியை முன்னால் கொண்டுவராத எந்தப் பாடத்திட்டச் சீர்திருத்தமும் மையின் நிறத்தை மாற்றுவதோடு நின்றுவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைத் தொடங்க வேண்டிய இடம் இயெனாகா சபுரோவின் வழக்கு. 1913இல் பிறந்த இவர் போர்க்காலத்தில் ஆசிரியராக இருந்தவர். போரை எதிர்த்து வாய் திறக்காமல் இருந்துவிட்டோமே என்ற உறுத்தல் கடைசிவரை அவரை விடவில்லை. போர் முடிந்த மறு ஆண்டு வெளிவந்த ‘நாட்டின் நடை’ என்ற அரசுப் பாடநூலை எழுதிய நால்வரில் இவரும் ஒருவர். பிறகு தனியாக எழுதிய ‘புதிய ஜப்பானிய வரலாறு’ உயர்நிலைப் பள்ளிகளில் பயன்பட்டது. ஜப்பானில் பாடநூலை எழுதுவதும் அச்சிடுவதும் தனியார். ஆனால் கல்வி அமைச்சகத்தின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வகுப்புக்குள் நுழையாது. ஒப்புதலுக்குப் போன நூல் திருத்தக் கருத்துகளோடு திரும்பி வரும். ஆசிரியர் திருத்தித் தர வேண்டும். போரைப் பற்றிய பகுதி அளவுக்கு மீறி இருண்டிருக்கிறது என்பது 1960களின் தொடக்கத்தில் இயெனாகாவுக்கு வந்த ஆட்சேபங்களில் ஒன்று. 1963இல் அவருடைய நூல் நிராகரிக்கப்பட்டது. 1965இல் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். 1967இல் இரண்டாவது வழக்கு, 1984இல் மூன்றாவது. 1970 ஜூலையில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அளித்த சுகிமோட்டோ தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. ஆயினும் ஒப்புதல் முறையே அரசமைப்புக்கு முரணானது என்ற அவருடைய அடிப்படை வாதத்தை உச்ச நீதிமன்றம் கடைசிவரை ஏற்கவில்லை. எல்லாம் முடிந்தது 1997 ஆகஸ்டு 29 அன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் வழக்காடியவருக்குக் கிடைத்த இழப்பீடு நான்கு லட்சம் யென்.

தொகை சிறிது, தீர்ப்பு எழுப்பிய கேள்வி பெரிது. மஞ்சூரியாவில் ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவு மனிதர்களை வைத்து நடத்திய சோதனைகளைப் பற்றிய வரியை அமைச்சகம் நீக்கச் சொல்லியிருந்தது. பாடநூலில் சேர்க்கும் அளவுக்கு நம்பத்தகுந்த ஆய்வுகள் இன்னும் வரவில்லை என்பது அது சொன்ன காரணம். அமைச்சகம் அப்படிச் சொன்ன 1983ஆம் ஆண்டில் ஆய்வு எந்த நிலையில் இருந்தது, எந்த நூல்கள் வந்திருந்தன, அவற்றை மறுத்தவர் யாராவது உண்டா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்த பிறகு, நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஒரு வரலாற்று வரி எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்பதை நீதிபதிகள் படித்தறிந்தார்கள். அந்தப் பாடநூலை மேசையில் விரித்து வைத்திருந்த மாணவருக்கோ அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது வரி மட்டுமே. வரி இருந்தாலும் நீங்கினாலும் அவர் அதைத் தேர்வுக்குப் படித்திருப்பார், அவ்வளவுதான். இயெனாகாவின் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய வாழ்நாள் உழைப்பின் பலன் வகுப்பறை வாசலோடு நின்றுபோனதே என்ற ஆற்றாமையில் சொல்கிறேன்.

சொல்லைப் பற்றிய சண்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1982 காட்டியது. சீனாவில் ஜப்பான் நடத்திய ‘ஆக்கிரமிப்பு’ என்பதை ‘முன்னேற்றம்’ என்று மாற்றச் சொன்னார்கள் என்ற செய்தி பரவ, பெய்ஜிங்கும் சியோலும் கொதித்தன. அவ்வாண்டுச் செய்தியில் பிழை இருந்தது பின்னர் தெரிந்தது. ஆனால் அச்சொல்லை மட்டுப்படுத்தும்படி அமைச்சகம் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அறிவுறுத்தி வந்ததும் உண்மை. முடிவில், அண்டை நாடுகளோடு தொடர்புடைய நிகழ்வுகளை எழுதும்போது நல்லிணக்க நோக்கில் கவனம் வேண்டும் என்ற விதி ஒப்புதல் நெறிகளில் சேர்ந்தது. நல்ல விதிதான். ஆனால் ஒரு சொல் ஏன் நிலைக்க வேண்டும் என்பதற்கு அண்டை நாட்டாரின் மனத்தாங்கலைக் காரணமாக வைத்தால், சான்று பின்னுக்குப் போய்விடுகிறது. மனத்தாங்கலைக் காரணமாகக் காட்டி ஒரு சொல்லைச் சேர்க்கலாம் என்றால், உள்நாட்டாரின் மனத்தாங்கலைக் காட்டி இன்னொரு சொல்லை நீக்கவும் முடியும். 2021 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. படைக்காகப் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களைக் குறிக்கும் தொடரில் படையோடு தொடர்பு காட்டும் முன்னொட்டு பொருத்தமற்றது என்று ஜப்பானிய அமைச்சரவை முடிவு செய்தது. பாடநூல் பதிப்பகங்கள் சொல்லைத் திருத்தின.

வேறு வழி இருக்கிறதா? 1592ஐ எடுத்துக்கொள்வோம். தோயோதோமி ஹிதேயோஷியின் படைகள் கொரியாவுக்குள் புகுந்த ஆண்டு அது. தென் கொரியர் இதை ‘இம்ஜின் வேரான்’ என்பர்: இம்ஜின் ஆண்டில் ஜப்பானியர் விளைத்த கலகம். ஜப்பானியரை இழித்துச் சொல்லும் பழஞ்சொல் அதற்குள் இருக்கிறது. வட கொரியாவில் இதற்குத் ‘தாய்நாட்டுப் போர்’ என்று பெயர். சீனர் வான்லி பேரரசர் காலத்தில் கொரியாவுக்குத் துணைநின்ற போராக இதைச் சொல்வர். ஜப்பானிலோ புன்ரோகு, கெய்சோ என்ற ஆட்சியாண்டுப் பெயர்களால் குறிப்பர். முன்பு ‘கொரியாவைத் தண்டித்தல்’ என்ற பெயரும் வழங்கியது. இன்றைய பாடநூல்கள் பலவற்றில் ‘கொரிய ஆக்கிரமிப்பு’ என்ற தலைப்பைக் காணலாம். இந்தப் பெயர்களில் எது சரி என்று குழு அமைத்து முடிவு கட்டலாம். அல்லது பெயர்கள் அத்தனையையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, கியோத்தோவில் இருக்கும் ஒரு மேட்டைப் பற்றிப் பேசலாம்.

அந்த மேட்டின் பெயர் ‘மிமிசுகா’, காது மேடு. உண்மையில் அதற்குள் புதைந்திருப்பவை பெரும்பாலும் மூக்குகள். 1597இல் தொடங்கிய இரண்டாம் படையெடுப்பில், கொன்றவர் எண்ணிக்கைக்குக் கணக்குக் காட்ட, தலைகளுக்குப் பதிலாக மூக்கை அறுத்து உப்பிலிட்டு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். தொடக்கத்தில் அதை மூக்கு மேடு என்றே அழைத்தார்கள்; காது என்ற மென்மையான பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. படைத்தலைவர்கள் ஒப்படைத்த மூக்குகளுக்கு மேற்பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்த ரசீதுகள் இன்றும் சில பிரபுக் குடும்பங்களின் ஆவணத் தொகுப்புகளில் இருக்கின்றன. நாள், எண்ணிக்கை, கையொப்பம் எல்லாம் உண்டு. ஒரு ரசீதை வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பிள்ளை எத்தனை கேட்கலாம்! இதை எழுதியவர் யார், எதற்காக எண்ணினார், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினால் யாருக்கு லாபம், இறந்தவர் எல்லாரும் போர்வீரர்தாமா, மேட்டின் பெயர் ஏன் மாறியது? இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பிள்ளை கரும்பலகைக்குத் திரும்பினால், ‘தண்டித்தல்’ என்ற பெயரை அழிக்கச் சொல்ல அமைச்சகம் வேண்டியதில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் தள்ள முடியாது. சான்றைப் பிள்ளைகளிடம் விட்டால் ‘இரு தரப்பும் உண்டு’ என்ற பேச்சுக்கு இடம் கொடுத்ததாகாதா, நடந்ததை மறுப்பவர்களுக்கு அதுவே வாசலாகிவிடாதா என்று கேட்கிறார்கள். அச்சம் நியாயமானது. மறுப்பவர்களும் சான்று, சான்று என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் செய்வது ஒரு தாளைத் தனியே பிரித்து உயர்த்திப் பிடிப்பது. பல தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடப் பழகிய மாணவரிடம் அந்த வித்தை எளிதில் செல்லாது. 731ஆம் பிரிவு வழக்கில் அரசின் வாதம் தோற்றதும் அப்படி எடைபோட்டதால்தான்.

தென் கொரியா வேறொரு பாடம் சொல்கிறது. பார்க் சுங் ஹீ ஆட்சியில், 1974 முதல், வரலாற்றுக்கு அரசே எழுதிய ஒரே பாடநூல். பின்னாளில் பல பதிப்பகங்களின் நூல்களை அரசு ஒப்புதல் அளித்து அனுமதிக்கும் முறை வந்தது. 2015 அக்டோபரில் அவருடைய மகள் பார்க் குன் ஹேயின் அரசு மீண்டும் ஒரே நூல் என்று அறிவித்தது. பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் கூட்டங்கூட்டமாக அதில் பங்கேற்க மறுத்தார்கள். 2017இல் நூல் தயாரானபோது அதை முன்னோட்டமாகப் பயன்படுத்த முன்வந்தது ஒரே ஒரு பள்ளி. அங்கும் மாணவரும் பெற்றோரும் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் புதிய குடியரசுத் தலைவர் மூன் ஜே இன் பதவியேற்ற சில நாள்களிலேயே அந்நூலைக் கைவிடச் செய்தார். மக்களாட்சியின் அருமையான வெற்றி இது, ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில், 2016 முதல், கல்லூரி நுழைவுத் தேர்வில் கொரிய வரலாறு கட்டாயமாயிற்று: இருபது கேள்விகள், முப்பது நிமிடம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் ஒன்று சரி. எட்டு நூல்கள் இருந்தால் என்ன, ஒன்று இருந்தால் என்ன. அரை மணி நேரத் தேர்வுக்கு அவை எல்லாம் ஒரே நூல்தான். ஜப்பானிலும் இப்படியே. அங்கே உலக வரலாறு கட்டாயப் பாடமாக இருந்தும், நுழைவுத் தேர்வுக்கு உதவாது என்று நூற்றுக்கணக்கான பள்ளிகள் அதை நடத்தாமலே விட்டது 2006இல் வெளிப்பட்டது. ஆசியாவில் வரலாற்றை எதிர்த்து நிற்கும் பெரும் வலிமை தேசியவாதம் என்று எழுதப் பழகியிருக்கிறோம். தேர்வுத்தாளை அதற்கு ஒரு படி மேலேயே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 2023இல் பன்னிரண்டாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. வரலாற்று நூலிலிருந்து முகலாய அவைகளையும் வரலாற்றுக் குறிப்பேடுகளையும் பற்றிய இயல் நீங்கியது. முகலாயரை நீக்கினார்கள் என்று ஒரு சாரார் கண்டித்தார்கள். பாடச்சுமையைக் குறைத்தோம் என்று மறுசாரார் சொன்னார்கள். அந்த இயலைப் படித்தவர்களுக்கு வேறோர் இழப்பு தெரியும். அக்பர் நாமா எப்படி உருவானது என்று அது சொல்லிக் கொடுத்தது: தாள் செய்பவர், எழுதுபவர், ஓவியர், மெருகிடுபவர், கட்டுபவர் எல்லாம் கூடி உழைத்த அரசனின் நூற்பட்டறை, அந்த நூல் யாருடைய புகழுக்காக எழுந்தது, அதை வைத்து அரசனைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. வரலாற்று நூல் ஒன்று செய்யப்படும் விதத்தைப் பள்ளிப் பிள்ளைக்குக் காட்டிய அரிய பக்கங்கள் அவை. ஓர் அரச வம்சத்தோடு சேர்ந்து ஒரு வாசிப்பு முறையும் போயிற்று. இரு தரப்பாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் வருத்தம்.

வரலாற்றைச் சேர்ந்து ஆராய அண்டை நாட்டு அரசுகள் அமைத்த கூட்டுக் குழுக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜப்பானும் தென் கொரியாவும் 2002 முதல் இருமுறை கூடின; ஜப்பானும் சீனாவும் 2006இல் தொடங்கி 2010இல் அறிக்கை வெளியிட்டன. பல இடங்களில் இரு தரப்பும் தத்தம் கட்டுரையை எழுதி அருகருகே வைத்தன. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் குடிமக்கள் அமைப்புகளும் தாமாகச் சேர்ந்து செய்தது இதைவிட உயிருள்ள வேலை. ஜப்பான், சீனா, தென் கொரியா என மூன்று நாடுகளிலும் 2005இல் வெளிவந்த ‘எதிர்காலத்தைத் திறக்கும் வரலாறு’ அப்படி உருவானது. 2012இல் வந்த அடுத்த முயற்சியின் இரண்டாம் பகுதி ஆட்சிகளை விட்டு நகரம், ரயில்பாதை, இடப்பெயர்வு, குடும்பம், பள்ளி, போர் நினைவு என்று மக்கள் வாழ்வின் வழியே நடந்தது. ஜப்பானில் 2022 முதல் கட்டாயமாகியிருக்கும் ‘ஒருங்கிணைந்த வரலாறு’ என்ற பாடமும் உள்நாட்டு வரலாறு, உலக வரலாறு என்ற பழைய சுவரை இடித்து, ஆவணங்களிலிருந்து கேள்வி எழுப்பச் சொல்கிறது. 2025 ஜனவரி முதல் அது நுழைவுத் தேர்விலும் இடம்பெறுகிறது. தேர்வு அதை விழுங்குமா, அது தேர்வை மாற்றுமா என்பதைப் பொறுத்தே அதன் வாழ்வு.

ரயில்பாதை என்றதும் தமிழருக்கு நினைவு வருவது சயாம் மரண ரயில். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியப் படை முடித்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகளோடு, அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்து மாண்டார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட ஏழாயிரம் போர்க்கைதிகளுக்குத் தனித்தனி இடம் உண்டு. தோட்டத்துத் தமிழருக்கு அங்கே அப்படி ஒரு கல் இல்லை. இரண்டு மூன்று நாடுகள் தமக்குள் பேசித் தீர்க்கும் பாடநூலில் இவர்கள் எந்த நாட்டின் கணக்கில் வருவார்கள்?

அதே காஞ்சனபுரியில், அந்த ரயில்பாதையின் பாலத்துக்கு அருகே, 1944இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. இறந்தவர்களின் மொழிகளில் அதில் கல்வெட்டுப் பலகைகள் பதித்தார்கள், ஒன்று தமிழில். வேலை வாங்கிக் கொன்ற படை, போர் இன்னும் முடியாதபோதே, கொல்லப்பட்டவர்களின் மொழியில் வைத்த கல் அது. அந்தத் தமிழை எழுதிக் கொடுத்தது யார்? அப்போது உயிரோடிருந்த கூலிகளில் எத்தனை பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்கும்? அவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்றா வைத்தார்கள்? பினாங்கிலோ ஒசாக்காவிலோ மதுரையிலோ ஒரு வகுப்பு அந்தப் பலகையின் படத்தை மேசையில் வைத்து இந்தக் கேள்விகளோடு தொடங்கலாம்.