குடிவரவு அதிகாரியின் சம்பிரதாயம்

1979 ஜனவரி 24ஆம் தேதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், இந்தியாவிலிருந்து வந்திறங்கிய 35 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவரை, அவர் கன்னிதானா என்று பார்த்துச் சொல்லும்படி ஓர் ஆண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். லண்டனில் இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர் அவர். மூன்று மாதத்துக்குள் கல்யாணம் என்று வருகிற பெண்ணுக்கு அந்நாளில் முன்கூட்டிய அனுமதி தேவையில்லை. ஏற்கெனவே மனைவியாகிவிட்டவளுக்கோ, தன் நாட்டிலேயே பிரிட்டிஷ் ஹைகமிஷன் வாசலில் காத்துக்கிடந்து வாங்கிய நுழைவுச் சான்றிதழ் வேண்டும். இவர் மனைவியாக இருந்துகொண்டு, வரிசையைத் தப்பிக்க மணப்பெண் என்று சொல்கிறாரோ என்பது அதிகாரியின் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள அவருக்கு அகப்பட்ட தர்க்கம் இது: இந்தியப் பெண் கல்யாணம்வரை கன்னியாகவே இருப்பாள், ஆகவே கன்னி இல்லையென்றால் அவள் கல்யாணமானவள்.

பிப்ரவரி 1ஆம் தேதி கார்டியன் பத்திரிகையில் செய்தி வெளியாயிற்று. மொரார்ஜி தேசாய் அரசு கடுமையாக ஆட்சேபித்தது. பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் இனி இப்படிச் செய்யக்கூடாது என்று உத்தரவிட்டார். எங்கோ ஓர் அதிகாரி அத்துமீறிவிட்டார் என்கிற தோரணையில் விஷயம் முடிக்கப்பட்டது. 2011இல் மரினெல்லா மார்மோ, இவான் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய கோப்புகளைப் புரட்டி வெளியிட்டபோதுதான், இந்தியாவிலேயே இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களில் எண்பது பெண்களாவது இதே சோதனைக்கு ஆளானது தெரியவந்தது.

ஆபாசம், இனவெறி என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டும் உண்மைதான். எனக்கு இதில் உறைப்பது அந்தத் தர்க்கத்தின் ஆசாரம். 35 வயதுவரை வேலை பார்த்துத் தன் காலில் நின்று, தானே விமானம் ஏறிக் கணவனாகப் போகிறவன் ஊருக்கு வந்த ஒரு பெண், சம்பிரதாயத்தை எத்தனை இடத்தில் தாண்டி வந்திருக்கிறாள் என்பது கண்ணெதிரே நிற்கிறது. அதிகாரி அதைப் பார்க்கவில்லை. அவர் மேஜையில் ஒரு இந்தியச் சம்பிரதாயம் இருந்தது. அதை வைத்து இந்தியப் பெண்ணை அளந்தார். நம் பாட்டிமார்கூட இவ்வளவு கறாராக இருந்திருக்கமாட்டார்கள். கணவன் மனைவி குடிவரவுச் சட்டங்களின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இந்த அதிகாரி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறார்.

முதலில் எதிர்ப்படுவது தென்னாப்பிரிக்காவில். 1913 மார்ச் மாதம் கேப் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஸர்ல் முன் பாய் மரியம் என்ற பெண்ணின் வழக்கு வந்தது. அங்கே குடியேறிய ஓர் இந்திய முஸ்லிமின் மனைவி அவர்; கணவனிடம் வந்தவரை இறங்க அனுமதிக்கவில்லை. பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின்படி நடந்த கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே அல்ல என்றார் நீதிபதி. அந்தக் கணவனுக்கு எத்தனை மனைவி என்பது கேள்வியே இல்லை. அவன் மதம் எத்தனைக்கு இடம் தருகிறது என்பதே கேள்வி. ஒரே வரியில் அந்நாட்டு இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் எல்லோருடைய மனைவிமாரும் சட்டப்படி மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது இதன் பிறகுதான். செப்டம்பரில் கஸ்தூர்பா ஃபீனிக்ஸ் ஆசிரமத்துக் குழுவோடு சிறை சென்றார். டால்ஸ்டாய் பண்ணையோடு தொடர்புள்ள பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், எல்லை தாண்டி நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது அவளுக்கு வயது 16. அந்த வருஷமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில் அந்தக் கல்யாணங்களை அங்கீகரித்தது.

தில்லையாடியில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பெயர் இருக்கிறது. ஆனால் தேசபக்திக் கதையாக அதைச் சொல்லிச் சொல்லி, அந்தப் போராட்டத்துக்குப் பெண்களைக் கொண்டுவந்த விஷயம் ‘என் கல்யாணம் கல்யாணமா இல்லையா என்று சொல்ல நீ யார்’ என்ற கேள்வி என்பதை நாம் தொலைத்துவிட்டோம். தலைவர்களின் படத்தை மாட்டுவது சுலபம்.

பிரிட்டனுக்குத் திரும்புகிறேன். 1962இன் காமன்வெல்த் குடிவரவுச் சட்டம் ஆண்களின் வரவைக் கட்டுப்படுத்தியபோதும், ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் மனைவிக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் நுழையும் உரிமையை விட்டுவைத்தது. உரிமையைப் பிடுங்குவது கௌரவமான காரியம் அல்ல. நிரூபிக்கச் சொல்வது கௌரவமானது. 1969இல் குடும்பத்தினர் எல்லோருக்கும் நுழைவுச் சான்றிதழ் கட்டாயமாயிற்று. சில்ஹெட் கிராமங்களிலிருந்து பெண்கள் குழந்தைகளோடு டாக்கா வந்தார்கள். நேர்காணலுக்கே மாதக்கணக்கில், பிறகு வருஷக்கணக்கில் காத்திருப்பு. மனைவியிடம் ஒரு கேள்வி, லண்டனிலோ பிராட்ஃபோர்டிலோ உள்ள கணவனிடம் அதே கேள்வி: வீட்டுக்கு எத்தனை அறை, யார் எங்கே படுப்பார்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள். பதில்கள் பொருந்தாவிட்டால் உறவு பொய். பத்து வருஷமாக ஊர்ப்பக்கம் அதிகம் வராத கணவனுக்குப் புதிதாகப் போட்ட கொட்டகை எப்படித் தெரியும்? பிள்ளைகளின் வயதை அறிய எலும்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். அது 1982இல் நின்றது. 1985 முதல் மரபணுச் சோதனை வந்தபிறகு, பொய்ப்பிள்ளைகள் என்று திருப்பப்பட்ட பலர் சொந்தப் பிள்ளைகளே என்று ருசுவாயிற்று. அதற்குள் அவர்களில் பலர் வயது தாண்டியிருந்தார்கள்.

மனைவியைக் கூட்டிக்கொள்ள ஆணுக்கு இந்தப் பாடு. கணவனைக் கூப்பிட்ட பெண்ணின் கதை வேறு. 1969 ஜனவரியில் உள்துறை அமைச்சர் காலகன் காமன்வெல்த் நாட்டுக் கணவன்மாருக்குக் கதவை ஏறக்குறைய அடைத்தார். 1974இல் ராய் ஜென்கின்ஸ் திறந்தார். 1977இல் மறுபடி ஒடுக்கினார்கள். 1980இல் தாட்சர் அரசு, பிரிட்டனில் பிறந்த, அல்லது பெற்றோரில் ஒருவர் அங்கே பிறந்த, பிரிட்டிஷ் பிரஜையான பெண் மட்டுமே வெளிநாட்டுக் கணவனை அழைக்கலாம் என்றது. தோலின் நிறத்தைச் சொல்லாமல் சொல்கிற வித்தை இது. 1983இல் அந்தப் பிறப்பு நிபந்தனையை எடுத்தார்கள். ஆனால் கூடவே வளர்ந்து வந்த பிரதான நோக்க விதியை இறுக்கினார்கள். இந்தக் கல்யாணத்தின் பிரதான நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது அல்ல என்பதை மனுதாரனே நிரூபிக்க வேண்டும்.

உலகத்தில் எந்தப் புருஷனால் இதை நிரூபிக்க முடியும்? கல்யாணம் போலியல்ல, இருவரும் சேர்ந்து வாழப்போகிறவர்கள்தான் என்று அதிகாரியே ஒப்புக்கொண்ட பிறகும் மனு தள்ளுபடியாகலாம். மனைவியின் நாட்டில் வாழ ஆசைப்படுகிறேன் என்றால் அதுவே பிரதான நோக்கம். அவளை இந்தியாவுக்கு அழைத்துக்கொள்ளவும் தயார் என்றால், அப்படியானால் அங்கேயே இருங்கள்.

இங்கேதான் நம் பழைய நண்பர் மறுபடி வருகிறார். உங்கள் வழக்கப்படி பெண்தானே புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும், நீ ஏன் பெண் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்கிறார். வழக்கத்தை மீறுகிறாய், ஆகவே உள்நோக்கம் இருக்கிறது. வீட்டோடு மாப்பிள்ளையை நம் ஊரில் கிண்டல் செய்வார்கள், உண்மை. கிண்டல் செய்கிற அளவுக்கு அது சகஜம் என்பதும் உண்மை. மட்டக்களப்பில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போவதே வழக்கம். குடி தாய் வழியில் வருகிறது. கேரளத்தின் மருமக்கத்தாயத்தை விளக்க வேண்டியதில்லை. சம்பிரதாயம் என்பது இந்த மாதிரி முரண்களின் கூட்டம். கோப்பில் ஏறும்போது அது ஒற்றை விதியாகிவிடுகிறது. அந்த விதியை மீறினவன் பொய்யன். அதன்படி பெற்றோர் பார்த்து முடித்ததை ஏற்றவனோ, பெண்ணையே சரியாகத் தெரியாதவன், ஆகவே விசாவுக்கு வந்தவன்.

ஆண்களுக்கு ஒரு நீதி பெண்களுக்கு ஒரு நீதியா என்று நர்கிஸ் அப்துல் அஸீஸ், அர்ஸலி கபாலெஸ், ஸொஹைர் பால்கந்தலி என்ற மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985 மே 28இல் தீர்ப்பு வந்தது. பால் பாகுபாடு உண்டு. இனப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். பிரிட்டிஷ் அரசு தீர்ப்புக்குத் தலைவணங்கிய விதம் அலாதி: கணவன்மாரின் நிலையை உயர்த்தாமல், அதே வருஷம் பிரதான நோக்க விதியை மனைவியருக்கும் நீட்டியது. சமத்துவம் வந்துவிட்டது.

1990களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் இருந்தபோது, ஒரு வழக்கறிஞருக்காகத் தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்து வந்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பிரதான நோக்க வழக்குகளில், கல்யாணத்துக்குப் பிறகு தம்பதியிடையே வளர்ந்த பற்று நீதிமன்றங்களில் ஒரு சாட்சியமாக எடுபடத் தொடங்கியிருந்தது. பற்றுக்கு ஆதாரம் கடிதம். தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் லண்டனில் வளர்ந்த தன் அத்தை மகளைக் கட்டியிருந்தார். சின்ன வயதிலிருந்தே பேசி வைத்த முறை. 40க்கு மேற்பட்ட நீல நிற விமானக் கடிதங்கள். எல்லாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி ‘மற்றவை நேரில்’ என்று முடியும். நடுவில் மேட்டூர் எப்போது திறந்தது, நடவு ஆள் கூலி, பாட்டியின் கண் ஆபரேஷன், அங்கே குளிருக்குக் கையுறை வாங்கினாயா என்ற விசாரிப்பு. காதல் என்ற சொல் ஒரு கடிதத்திலும் இல்லை. வழக்கறிஞர் நல்ல மனிதர். எங்கேயாவது கொஞ்சம் அன்பு இருக்கிறதா பாருங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கையுறையைக் காட்டினேன். அவர் தலையசைத்தார், திருப்தியில்லை. ‘மற்றவை நேரில்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் போட்டால், நேரில் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் கையெழுத்துப் போட்டதுபோல் நிற்கும். அது ஒரு வாய்பாடு, எங்கள் தாத்தாவும் உரக்கடைக்காரருக்கு அப்படித்தான் எழுதுவார் என்று அடிக்குறிப்புப் போட்டேன்.

மனு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் மாறியிருந்தன. யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். திடீரென்று ‘கண்ணே’ வந்தது, நிலா வந்தது, சினிமாப் பாட்டு வந்தது. மேட்டூரும் பாட்டியும் காணாமற் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு எழுதுவதாகப் பேர். எழுதியது எவனோ ஒரு அதிகாரிக்கு. மொழிபெயர்க்க அவை மிகவும் சுலபமாக இருந்தன. ஜெயித்தது எந்தக் கடிதத்தினால் என்று தெரியாது. ஜெயித்து வந்து சேர்ந்தார்.

வேறு சிலர் சுற்றிப் போனார்கள். சுரிந்தர் சிங் என்ற இந்தியரும் அவர் பிரிட்டிஷ் மனைவியும் ஜெர்மனியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம், அப்படிப் போய்த் திரும்பும் பிரஜையின் துணைக்கு ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது. சொந்த நாட்டில் இருந்தபடி கணவனை அழைக்க முடியாதவர்கள் அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய்ச் சில மாதம் உழைத்து, அங்கிருந்து துணையோடு திரும்பினார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின் அந்தப் பாதையும் அடைபட்டது.

1997 ஜூனில் புதிதாக வந்த லேபர் அரசு பிரதான நோக்க விதியை ரத்து செய்தது. ஆனால் வந்து சேர்ந்த மனைவி முதல் 12 மாதம் அந்தக் கல்யாணத்திலேயே இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை தொடர்ந்தது. அடித்தாலும் உதைத்தாலும் வெளியேறினால் நாடு கடத்தல். ஸவுதால் பிளாக் ஸிஸ்டர்ஸ் அமைப்பின் பெண்கள் போராடி 1999இல் ஒரு சலுகை வாங்கினார்கள். 12 மாதம் 2003இல் இரண்டு வருஷமாயிற்று. 2012இல் ஐந்து வருஷமாயிற்று.

அந்த 2012 ஜூலையிலேயே நோக்கம், பற்று எல்லாம் பின்னுக்குப் போய் சம்பளம் முன்னால் வந்தது. துணையை அழைப்பவருக்கு வருஷ வருமானம் 18,600 பவுன் வேண்டும். ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதற்கு ஈடான வங்கிக் கணக்கு. இரண்டும் பொருந்த வேண்டும், டாக்காவில் கணவன் மனைவி பதில்கள் பொருந்தவேண்டியிருந்ததுபோல. 2017இல் உச்சநீதிமன்றம், குழந்தைகளின் நலனை விதிகள் போதுமான அளவு கருதவில்லை என்று குறை சொன்னது; தொகை வைப்பது தவறென்று சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் தொகை 29,000 ஆக உயர்ந்தது.

சம்பிரதாயம் பற்றி இப்போது அதிகாரி அதிகம் கேட்பதில்லை. கையுறைக்கும் அவசியமில்லை. 2015இல் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட ஓர் அறிக்கை, இந்த வருமான விதியால் பெற்றோரில் ஒருவரைக் கடல் கடந்து பிரிந்து வளரும் பிள்ளைகளைப் பற்றியது. அதன் தலைப்பில் அவர்களுக்கு வைத்த பெயர் ‘ஸ்கைப் குடும்பங்கள்’. 2025 மே மாதம் ஸ்கைப்பையும் மூடிவிட்டார்கள்.