சைட்டோசினும் வாலிபர் கட்டியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கோயில், கல்வெட்டு என்றே எழுதிவந்த நான், இம்முறை கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டெழுத்தைப் பற்றி எழுதுகிறேன். பாத்திர வியாபாரிக்கு இது எதற்கு என்பீர்கள். எனக்கு இது புரிந்ததே கடையை வைத்துத்தான்.

டி.என்.ஏ. நான்கு வகைச் செங்கல்லால் ஆனது. அதில் சைட்டோசினைக் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து ஆல்பிரெக்ட் கோசெலும் ஆல்பர்ட் நாய்மனும் பிரித்துப் பெயரிட்டது 1894ல். 1948ல் நியூயார்க்கில் ராலின் ஹாட்ச்கிஸ் அதே தைமஸ் டி.என்.ஏ.வைத் தாளில் ஊறவிட்டுப் பிரித்தார். சைட்டோசின் பக்கத்தில் இன்னொரு சின்னப் பொட்டு! மெத்தில் ஒட்டிய சைட்டோசின்தான் அது என்று பிறகு உறுதியாயிற்று.

குடம் வாங்கினால் பெயர் வெட்டிக் கொடுப்போமில்லையா? பித்தளை மாறாது, யார் வீட்டுக் குடம் என்று தெரியும். மெத்திலும் அப்படித்தான். எந்த மரபணு பேசலாம், எது வாய்மூட வேண்டும் என்று குறித்துவைக்கும். விந்தும் சினைமுட்டையும் தரவேண்டிய ஜெர்ம் செல்லோ, சிசு கருப்பையில் இருக்கும்போதே பழைய பெயரை அநேகமாகத் தேய்த்துவிடும்; பிறகு புதிதாக வெட்டிக்கொள்ளும். தேய்க்கும் அரங்களில் ஒன்று டெட் என்ற என்சைம். 2009ல் பாஸ்டனில் அதை விளக்கியது நம் நாட்டில் பிறந்த அஞ்சனா ராவ் அவர்களின் குழு.

தேய்த்ததோடு நின்றுபோன செல்தான் வினை. விரையில் புற்றுக்கு முந்திய செல்களை 1972ல் விவரித்தவர் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கபெக். அச்செல்களில் மெத்தில் குறைவு, பெரியவனான பிறகும் தேய்ப்பு ஓயவில்லை என்பதற்கு அவரும் சேர்ந்த குழு 2014ல் சான்று தந்தது. செமினோமா என்னும் கட்டியும் பெயரில்லாக் குடம்தான். டெரட்டோமாவில் குறிகள் திரும்பி வந்திருக்கும்.

பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்காரர்களுக்கு வரும் நோய். எங்கள் கடைத்தெருப் பையன் ஒருவன், வலியில்லாத வீக்கத்தை வெட்கப்பட்டு எட்டு மாதம் மறைத்தான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது மாமா என்றான். நியாயமான கேள்வி, ஆனால் அப்பாவிடமும் சொல்லவில்லையே! சீக்கிரம் கண்டால் 100க்கு 95 பேருக்கு மேல் பிழைக்கிற புற்று இது.

பிழைக்க வைத்தது சிஸ்பிளாட்டின், பிளாட்டின மருந்து. 1974ல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அது பிடிப்பது சைட்டோசினை அல்ல, பெரும்பாலும் குவானினை. செமினோமா அதற்கு நன்றாகவே கரையும். முதிர்ந்த டெரட்டோமா கரையாது. அதை அறுத்துத்தான் எடுக்கிறார்கள்.