சாலையோரமும் உயிர்க்காப்பும்

சாலையின் இருமருங்கும் நிழல்மரம் நாட்டுதல் பேரறமாகப் போற்றப்பட்டு வந்தது. வழிகளில் ஆலமரம் நாட்டுவித்தமையை அசோகச் சக்கரவர்த்தி தம் தூண் சாசனத்திற் பொறித்து வைத்தார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளும் சாலைப் பணியாற் புகழ்பெற்றார். நடந்தும் மாட்டுவண்டி ஊர்ந்தும் சென்றோர்க்கு அம்மரங்கள் நன்மையே செய்தன. மோட்டார் வண்டியின் வேகம் வந்தபின் அந்நிலை மாறிற்று. நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் கமூ, 1960ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி, தாம் சென்ற வண்டி நேரான சாலையை விட்டு விலகி ஓரத்து மரத்தில் மோதியதால் உயிர்நீத்தார்.

இத்தகைய விபத்துக்குச் சாரதியின் கவனயீனமே காரணமென்று நெடுங்காலம் கூறி வந்தனர். அக்கொள்கையை அசைத்தவர்களுள் ஒருவர் கென்னத் ஸ்டோனெக்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். மிச்சிகன் மாநிலத்து மில்போர்டிலே, ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் பரிசோதனைச் சாலைகளில், தேர்ந்த சாரதிகளே வண்டி செலுத்தினர். எதிரே வரும் வண்டியும் இல்லை. அங்கும் வண்டிகள் சாலையை விட்டு விலகின. ஆகவே, ஓரத்து மரங்களும் தடைகளும் அகற்றப்பட்டன. பள்ளங்களின் சரிவு தணிவாக்கப்பட்டது. தடையற்ற 30 அடி வெளியிருப்பின், விலகிய வண்டிகளுள் ஏறக்குறைய 80 வீதமானவை அதற்குள்ளேயே மீளும் என்பது பின்னர் அறியப்பட்டது. 1967இல் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் வெளியிட்ட நூல் இம்முறையைப் பொதுச்சாலைகளுக்கும் விதந்துரைத்தது.

தீவகத்தாரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரைக்குச் செல்வோர் பண்ணைத் தாம்போதியைக் கடந்தே செல்வர். இருபுறமும் கடலாதலின் அங்கே 30 அடி வெளிக்கு இடமில்லை. அத்தகைய இடத்துக்குரியது காப்புவேலி. அவ்வேலியும் மோதற்குரிய பொருளே. அதன் முனை வண்டியைத் துளையாவண்ணம் அமைதல் வேண்டும். இரவில் விளிம்பைக் காட்டும் ஒளிதெறி கம்பங்களும் வேகக் கட்டுப்பாடும் அதற்குத் துணையாவன.

தீவினுள்ளே நிலைமை வேறு. அங்கே சாலையோரத்துப் பனை குடிமக்களின் வாழ்வுக்கு ஆதாரம். அதனை வெட்டி வீழ்த்துதல் தீர்வாகாது. வளைவின் வெளிப்புறத்து மரங்களுக்கு முன்னே காப்புவேலி அமைக்கலாம். புதிய விதைகளைச் சாலைக்கு எட்டவே ஊன்றலாம். கணப்பொழுது கண்ணயர்ந்த பிழைக்கு உயிர் விலையாதல் நீதியன்று. வழிப்போக்கரைக் காத்தற்கென்றே முன்னோர் மரம் நாட்டினர். அம்மரத்தைச் சற்றே தள்ளி நாட்டுதலும் அவ்வறத்தின் பாற்பட்டதேயாம்.