புதுவைக் கிராமங்களில் நூற்பு

புதுச்சேரியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் யாவரும் துணியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கப்பலேறிய மூட்டைகளையும், அவுரி நீலத்தையும், நெசவாளருக்குப் பிரெஞ்சுக் கும்பினி கொடுத்த முன்பணத்தையும், பிற்காலத்து ஆலைகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அந்தத் துணி தறியேறுமுன் இழை இழையாக நூற்கப்பட்டது என்பதும், நூற்றவர்கள் வில்லியனூர், பாகூர் முதலான உள்நாட்டுக் கிராமங்களில் நடவுக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் அமர்ந்து பஞ்சைக் கையிலெடுத்த ஸ்திரீகள் என்பதும் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிற விஷயமாகவே இருந்துவருகிறது. அந்த வாக்கியத்தைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

நூற்பதற்கு வேண்டிய கருவிகளுள் ஆதியானது தக்ளி. ஒரு கதிர், அதன் அடிப்பகுதியில் பாரத்துக்காக ஒரு வட்டு, நுனியில் இழையை மாட்ட ஒரு கொக்கி, இவ்வளவுதான். மூங்கிற்குச்சியையும் உடைந்த ஓட்டுச்சில்லையும் கொண்டு யாரும் செய்துகொள்ளலாம். உலகத்தில் ஆடு வளர்த்த ஜாதியார் அநேகர் இதே கருவியில் கம்பளி நூற்றிருக்கிறார்கள். தென்னாட்டுக் குறும்பர்களும் அவ்வாறே நூற்றுக் கம்பளி நெய்தவர்கள். கம்பளி மயிர் நீளமானது, ஒன்றோடொன்று பற்றிக்கொள்வது. ஆகையால் கதிரை அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுழற்றினாலும் இழை அதன் பாரத்தைத் தாங்கும். நம் நாட்டுப் பருத்தியின் இழையோ குட்டையானது. முறுக்கு ஏறுமுன் பாரம் இழுத்தால் அறுந்துவிடும். எனவே பஞ்சு நூற்பவர்கள் கதிரின் முனையைக் கொட்டாங்கச்சியிலோ கிண்ணத்திலோ ஊன்றிச் சுழற்றினார்கள். டாக்கா மஸ்லினுக்கு நூல் நூற்றவர்களும் மெல்லிய கதிரை இவ்விதம் ஊன்றியே சுழற்றினார்கள் என்பதை நினைக்கும்போது, எளிய கருவியினால் எளிய பொருள்தான் விளையும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பது புலப்படும். புதுவைப் பிரதேசத்துச் செம்மறிகள் கம்பளிக்கு உதவாத மயிராடுகள். ஆதலால் இங்கே தக்ளியின் சரித்திரம் முழுவதும் பருத்தியின் சரித்திரமே.

அச்சரித்திரம் மிகப் பழையது. கீழடி அகழாய்வில் சுடுமண் தக்ளி வட்டுகள் கிடைத்திருக்கின்றன. துணையற்ற பெண்டிர் பஞ்சு நூற்று ஜீவித்ததை நற்றிணையும் புறநானூறும் அறியும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் தோண்டிய மார்டிமர் வீலர், அங்கே கண்ட செங்கல் தொட்டிகளை மெல்லிய துணிகளுக்குச் சாயமேற்றிய தொட்டிகளாகக் கருதினார். கிரேக்க மாலுமியின் கையேடாகிய பெரிப்ளூஸ் கூறும் பொதுகே என்னும் துறைமுகம் இவ்விடமே என்பது அறிஞர் பலரின் கொள்கை. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ராட்டை இந்தியாவில் இருந்ததற்கு எழுத்து வழியாகக் கிடைக்கும் முதற்சான்று 1350இல் இஸாமி எழுதிய பாரசீகக் காவியத்தில்தான் வருகிறது என்றும், அது நெடுங்காலத்துக்கு முன்பே இங்கு வழங்கியதாகக் கொள்ள ஆதாரமில்லை என்றும் சரித்திராசிரியர் இர்ஃபான் ஹபீப் எடுத்துக்காட்டியிருக்கிறார். அப்படியானால் ரோமாபுரிக்குப் போன துணியும், சோழர் கோயில்களில் சுவாமிக்குச் சாத்திய பரிவட்டமும் கைக்கதிரில் திரிந்த நூலே என்றாகிறது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் வித்தியாஸ்தானம் ஒன்று விளங்கியதையும் அதற்கு மூன்று கிராமங்கள் தானமாகக் கிடைத்ததையும் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அங்கே வேத வேதாங்கங்களை ஓதிய மாணாக்கர் உடுத்த ஆடை எப்படி உண்டாயிற்று என்பதைச் செப்பேடு சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதற்கான உழைப்பு அந்தச் சுற்றுவட்டாரத்து விரல்களில் இருந்தது என்று ஊகிப்பதில் பிழையில்லை.

அவ்வுழைப்பின் அளவு எவ்வளவு? 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தலுக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே நூலின் நம்பர் என்பது கணக்கு. இருபதாம் நம்பர் நூல் ஒரு ராத்தல் என்றால் 16,800 கஜம். தேர்ந்த கை தக்ளியில் மணிக்கு 200 கஜம் நூற்பதாக வைத்துக்கொண்டாலும், பஞ்சைக் கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, நூற்பதற்கான திரிகளாகப் பட்டை போடும் வேலையெல்லாம் போக, ஒரு ராத்தலுக்கு 84 மணி நேரம் வேண்டும். ராட்டை வந்தபின் வேகம் கூடிற்று. அப்போதும் ஒரு தறி ஓயாமல் ஓடுவதற்குப் பல பெண்களின் கைகள் ஓயாமல் நூற்க வேண்டியிருந்தது. சாசனங்களில் தறியிறையும் நூலாயமும் வரிகளாகப் பதிவாகியிருப்பதற்கு இந்த உழைப்பின் பெறுமதியே காரணம்.

1674இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிலைகொண்ட பிறகு பிரான்சுவா மர்த்தேன் காலந்தொட்டே நெசவாளரைத் தம் எல்லைக்குள் குடியேற்ற முயன்றார்கள். வில்லியனூரும் பாகூரும் கவர்னர் டூப்ளேயின் நாளில், 1750ஐ ஒட்டி, அவர்கள் வசமாயின. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பு துணி வியாபாரத்தின் லாப நஷ்டங்களையும் வர்த்தகரின் வழக்குகளையும் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. தறிக்காரர்களும் அதில் வருகிறார்கள். நூற்ற பெண்ணைத் தேடினால் அவள் அகப்படுவது அரிது. அவள் கும்பினியிடம் முன்பணம் வாங்கியவளல்லள். நூலைச் சந்தையில் விற்றோ தறிக்காரரிடம் கொடுத்தோ அரிசியும் உப்பும் வாங்கிக்கொண்டவள். கணக்குப் புத்தகம் அவளிடம் போய்ச்சேரவில்லை.

அவுரியில் தோய்த்த 'கினே' என்னும் நீலத்துணி புதுவையின் பெயரை ஆப்பிரிக்காவரை கொண்டுபோயிற்று. செனகல் நதிக்கரையில் வேலம்பிசின் வாங்குவதற்கு அந்தத் துணியே நாணயமாகச் செலாவணியாயிற்று. ஐரோப்பாவில் செய்த போலிகளை அங்குள்ள மூர்கள் தொட்டும் முகர்ந்தும் கண்டுகொண்டு ஒதுக்கினார்கள். அடிமை வியாபாரத்திலும் இந்த நீலத்துணி கைமாறியது என்ற கொடிய உண்மையையும் மறைப்பதற்கில்லை. பாகூரிலோ வில்லியனூரிலோ இரவில் விளக்கடியில் நூற்றவளுக்குத் தன் இழை எந்தக் கரையில் எதற்கு விலையாகிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. கவர்னர் தெபசேன் தெ ரிஷ்மோன் ஆதரவில் 1820களின் இறுதியில் புதுச்சேரியில் நூற்பாலை எழுந்தது. இந்தியாவிலேயே மிக முற்பட்ட இயந்திர நூற்பாலைகளுள் அது ஒன்று. பின்னாளில் சவானா, கெப்ளே, 1898இல் தொடங்கிய ரோடியர் என ஆலைகள் பெருகின. கைத்தறி தட்டுத்தடுமாறியேனும் உயிர் பிழைத்தது, கைநூற்பு பிழைக்கவில்லை. மில் நூல் மலிவாகவும் சீராகவும் கிடைத்தபோது தறிக்காரர் அதை வாங்கியதில் குற்றம் காண முடியாது. ஆனால் கைம்பெண்ணும் முதியவளும் நூற்பினால் வந்த அற்ப வரும்படியை இழந்தார்கள். ஆலைக்குள் சென்றவர்களின் கதியும் சுலபமானதன்று. 1936 ஜூலை 30இல் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக்கு இரையான பின்பே எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை புதுவைக்குக் கிட்டியது.

கதர் இயக்கம் கதிரை மீண்டும் கைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சு அரசாங்கப் பள்ளி ஆசிரியராயிருந்த பாரதிதாசன் கதர்த்துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். 1930இல் கதர் இராட்டினப் பாட்டை வெளியிட்டவர். காந்தியடிகள் 1934 பிப்ரவரி 17இல் புதுவைக்கு வந்தார். 1937 வார்தா மகாநாட்டின் விளைவாகப் பிறந்த ஆதாரக் கல்வி, பள்ளிப்பிள்ளையின் பையில் சிலேட்டோடு தக்ளியையும் சேர்த்தது. சென்னை ராஜ்யத்துப் பள்ளிகள் பலவற்றில் அக்கருவி வெகுகாலம் சுழன்றது.

அதைப் பழகும் விதத்தைச் சொல்ல வேண்டும். இடக்கையில் பட்டையைப் பிடித்து, அதன் நுனியிலிருந்து இரண்டு விரற்கடை பஞ்சை மெல்ல இழுத்துக் கொக்கியில் மாட்டி, வலக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கதிரைச் சுண்டிவிட வேண்டும். கதிர் சுழலும்போது முறுக்கு இழை வழியே மேலேறும். அது பட்டைக்குள் புகுமுன் இடக்கை பின்வாங்கிப் புதிய பஞ்சை விட்டுக்கொடுக்க வேண்டும். கை முந்தினால் இழை முறுக்கின்றி நைந்து அறும். பிந்தினால் பஞ்சு கட்டியாகிப் புடைக்கும். ஒரு முழம் சேர்ந்ததும் கொக்கியிலிருந்து எடுத்துக் கதிரின் அடியில் சுற்றிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். முதலில் வருவது சணலைப்போல் தடித்தும் மெலிந்தும் இருக்கும். பொறுமையாகப் பழகப் பழக, கண் பார்க்காமலே விரல் இழையின் கனத்தை அறிந்துவிடும். இவ்வறிவைப் புத்தகத்தால் முழுதும் ஊட்ட முடியாது. நூற்பவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் இடக்கை எப்போது தளர்கிறது என்பதைப் பார்த்தே பெற வேண்டும்.

இன்றும் பூணூலுக்காகத் தக்ளியில் நூற்கும் வைதிகர் சிலர் இருக்கிறார்கள். அவர்களை விட்டால், பள்ளியில் தக்ளி சுழற்றிய தலைமுறையே எஞ்சியிருக்கிறது, அவர்களும் முதுமையெய்திவிட்டார்கள். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து அன்பர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் பட்டையைக் கொடுத்து ஒருமுறை நூற்றுக்காட்டச் சொல்லி, பஞ்சு எடுத்த விதத்தையும் விரல் வைத்த இடத்தையும் அவரவர் சொன்ன சொற்களிலேயே இப்போதே எழுதிவைக்க வேண்டுகிறேன்.